நிகர எடை

ஒரு லோரிக்கு இரண்டு தடவை எடை பார்ப்பேன்.
பழக்குலையோடு உள்ளே வரும்போது ஒன்று,
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்ப் போகும்போது ஒன்று.
கழித்தால் வருவது நிகரம்.
அதற்குத்தான் காசு.
இருபத்திரண்டு வருடத்தில்
இந்த உலு பெர்ணம் மில்லுக்குள்
என்னை ஏமாற்றி ஒரு கிலோ மண்ணைக்கூட
எவனும் கொண்டுபோனதில்லை.

மாலை ஆறரைக்கு நான் வேறு ஆள்.

சன்னல் திரையை இழுத்துவிட்டு
சத்தத்தை ஒன்பதில் வைக்கிறேன்.
பத்து வைத்தால் பக்கத்து வீட்டுச் சரோஜினிக்குக் கேட்கும்.
ஒரு குவளை மைலோ,
மிளகாய் தூவிய மரவள்ளிச் சீவல் ஒரு பொட்டலம்.
தாட்சாயினி வருகிறாள்.
எட்டு மாதம் நினைவில்லாமல் கிடந்து எழுந்தவள்,
உதட்டுச் சாயம் கலையவில்லை.
ஆற்றோடு போன தங்கை
அதே வீட்டில் ஒட்டுமீசையோடு கார் ஓட்டுகிறாள்,
பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
அடியே, அந்த மச்சத்தைப் பாருடி என்று
திரையிடம் கத்துகிறேன், ஒன்பதுக்கும் குறைவான சத்தத்தில்.

தொழில் புத்தி, கணக்கும் போட்டுப் பார்த்தேன்.
மொத்தம் முப்பது நிமிடம்.
விளம்பரம் ஒன்பது. முன்கதை மூன்று. தலைப்புப் பாட்டு இரண்டு.
யாராவது ஒரு வார்த்தை சொன்னால்
வீட்டிலுள்ள அத்தனை முகத்துக்கும்
மும்மூன்று தடவை இடி இடிப்பது பதினொன்று.
நிகரம் ஐந்து.
அந்த ஐந்திலும் உருப்படியாக ஒன்றுமில்லை.
இப்படி ஒரு லோரி மில்லுக்கு வந்தால்
வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

வெளியில் கேட்டால், செய்தி மட்டும்தான் பார்ப்பேன்.
மகளிர் பிரிவுக் கூட்டத்தில்
நாடகம் நம் பெண்களைக் கெடுக்கிறது என்று
மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்.
பலத்த கைதட்டல்.
ஆறு மணிக்கெல்லாம் கூட்டத்தை முடித்துவைத்தேன்.
ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை,
செருப்பைத் தேடுவதில் இருந்தார்கள்.

நேற்று மழை.
செம்பனைக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது.
தாட்சாயினி கையை ஓங்கினாள்.
யாரை, அத்தையையா, மீசையையா?
திரை நீலமாகிவிட்டது.
ஏழு மணிவரை அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூரையேறித் தட்டைத் திருப்பலாமா என்றுகூட
நாற்பத்தொன்பது வயசில் யோசித்தேன்.

இன்று காலை முதல் லோரி அர்ச்சுணன்.
பேசாத ஆள். சீட்டை நீட்டுவான், முத்திரை குத்துவேன், போவான்.
பத்து வருடப் பழக்கம் அவ்வளவுதான்.
இன்று பாலத்தில் ஏறி நின்றவன் கண்ணாடியை இறக்கி
முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"அக்கா, நேத்து உங்க பக்கம் படம் தெரிஞ்சிச்சா?"

என்ன படம் என்று கேட்டிருக்கலாம்.
செய்தி தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.
"கைய ஓங்குனாளே, அதோட போச்சு" என்றேன்.

"எங்க பக்கம் மழையே இல்லக்கா."

எஞ்சினை அணைத்தான்.
அத்தையாக நெஞ்சைப் பிடித்துச் சரிந்தான்.
தாட்சாயினியாக எழுந்தான், தலை கூரையில் இடித்தது.
மீசையைப் பிய்க்கும் கட்டத்தில்
லோரி மொத்தமும் குலுங்கியது.

என் முன்னால் சிவப்பு எண்கள்
இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது,
ஐந்நூறு,
நானூற்று நாற்பது.

பின்னால் ஏழு லோரி. ஆரன்.
இரண்டாவது வண்டியிலிருந்து ஹருன் இறங்கி வருகிறான்,
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
அடியில் ஓடும் எழுத்தை வாசித்தே
கதை பிடிக்கிறவனாம்.
அறை விழுந்ததா இல்லையா என்று மலாயில் கேட்கிறான்.

அர்ச்சுணன் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறான்.
எண் நிலைக்கட்டும் என்று
முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.